கடை நம்பர்

துபாயின் தேரா கடைத்தெருவில் மசாலா சாமான் விற்கும் சாதிக் பாட்ஷாவின் கடையில் இரண்டு போன்கள் இருந்தன. கைபேசி வியாபாரத்துக்கு. கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த பழைய போன் ஊருக்கு.

கீழக்கரையிலிருந்து விசிட் விசாவில் கிளம்புகிறவனிடம் துபாய் சிம் இருக்காது. எந்த ரூமில் தங்கப்போகிறோம் என்றுகூடத் தெரியாது. ஆனால் போகிற இடத்திலெல்லாம் அங்கே ஒரு தொடர்பு எண் கேட்பார்கள். உடனே, எல்லாரும் அண்ணன் முறை வைத்து 'காக்கா' என்று கூப்பிடும் சாதிக்கின் கடை நம்பரை எழுதிக் கொடுத்துவிடுவான். அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. அவரும் அதைக் குறையாக நினைத்ததில்லை. மகன் இறங்கிவிட்டானா, சாப்பிட்டானா என்று உம்மாக்கள் கேட்பார்கள். அவர் அலுக்காமல் பதில் சொல்வார். அந்த போன் மூன்றாவது மணி அடித்து யாரும் கேட்டதில்லை.

அந்த நம்பர்தான் வினையாகிவிட்டது. ஊரில் ஓர் உளவுப் பிரிவு, வெளிநாடு போனவர்களின் விவரங்களைத் துழாவி, எல்லாவற்றிலும் ஒரே எண் இருப்பதைப் பார்த்துவிட்டு, புதையல் கிடைத்ததுபோல் குதித்தது. ஒரே நம்பர் என்றால் ஒரே இயக்கம், ஒரே தலைவன். இப்படியாக, கிராம்பும் ஏலக்காயும் நிறுத்துக்கொண்டிருந்த மனிதர் தலைவராகிவிட்டார். போன முறை அவர் திருச்சியில் இறங்கியபோது பாஸ்போர்ட்டைப் பிடுங்கிவைத்து மாதக்கணக்கில் அலையவிட்டார்கள். ஊரில் இருந்தவர்களையும் விடவில்லை. மகனை அனுப்பிய வீடுகளின் வாசலில் யாரோ சும்மா நிற்பதும், வருவோர் போவோரைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிப்பதும் வழக்கமாயிற்று.

இப்போது அவர் மகள் ஆமிராவுக்கு நிக்காஹ் வைத்திருந்தது. வாப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, என் மகளை உங்களுக்கு மணமுடித்துத் தருகிறேன் என்று சொல்ல வேண்டும். போனால் பாஸ்போர்ட் மறுபடி போகும், கடையும் போகும். போகாவிட்டால் வேறு யாராவது அந்தக் கையைப் பிடிப்பார்கள். "உங்க தம்பிக்கு வக்காலத்து கொடுத்துருங்க, அவர் பிடிச்சுக் கொடுக்கட்டும்," என்றார் ஊரிலிருந்து போனில் மனைவி அஸ்மத் பீவி. சொல்லும்போதே அழுதுவிட்டார்.

"நான் உசிரோடதானே இருக்கேன்? நானே வர்றேன்," என்றார் சாதிக்.

அந்த தைரியத்துக்கு ஒரு காரணம் இருந்தது. உளவுப் பிரிவு சொந்த மக்களையே வேவு பார்ப்பதாகப் புகார்கள் குவிந்து, அதை விசாரிக்கச் சட்டமன்றம் ஒரு குழுவை அமைத்திருந்தது. அவர் மனு எழுதிப் போட்டார். காணொளியில் சாட்சி சொல்ல அழைப்பு வந்தது. அதற்கு முதல் நாள் பெயர் சொல்லாத ஒருவர் போனில் பேசினார். சாட்சி சொல்லாமல் இருந்தால் ஒரு தடவை வந்துபோக விட்டுவிடுவார்களாம்.

"என் மக கல்யாணத்துக்கு நான் போறதுக்கு நீங்க யாரு விடுறதுக்கு?" என்று கேட்டுவிட்டு சாதிக் வைத்துவிட்டார். அன்றிரவு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் தூங்கினார்.

மறுநாள் கல்லாமேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். திரையில் குழுத் தலைவர் நாகஜோதி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுப் பார்க்கிற அம்மாள். ஒரு பக்கம் உளவுப் பிரிவு அதிகாரி மணிமாறன். எதிர்ப்பக்கம் குழு உறுப்பினர் கார்மேகம், வெள்ளை வேட்டி, கனத்த குரல். அவரைப் பார்த்ததும் சாதிக்குக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

கார்மேகம்தான் முதலில் பாய்ந்தார். "இத்தனை பேரு ஒரே நம்பரைக் குடுக்கிறாங்கன்னா சந்தேகப்படாம என்ன செய்வாங்க? எங்களைப் பார்த்தா விவரம் தெரியாதவங்க மாதிரி தெரியுதா?"

சாதிக் வாயைத் திறப்பதற்குள் பழைய போன் மணியடித்தது. பழக்க தோஷம், கை தானாகப் போய் எடுத்துவிட்டது. அது எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசும்.

"காக்கா, எம் மவன் இறங்கிட்டானா? காலையிலேருந்து சத்தத்தையே காணோம்."

"இறங்கிட்டான்மா. சாப்பிட்டு ரூம்ல தூங்குறான். எந்திரிச்சதும் பேசச் சொல்றேன்."

போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார். "இதுதாம்மா என் இயக்கம்."

நாகஜோதி அதிகாரியின் பக்கம் திரும்பினார். "இந்த எண்ணைக் கொடுத்தவங்க எல்லாரையும் கண்காணிச்சீங்களா?"

"ஒருவரையும் விடவில்லை. பயண விவரம், வீட்டு விசாரணை, தொலைபேசி அழைப்புகள் உட்பட." மணிமாறன் பெருமையாகத்தான் சொன்னார்.

சாதிக் தொண்டையைக் கனைத்தார். "மெம்பர் ஐயா, நீங்க தமிழ்ச் சங்க விழாவுக்கு இங்க வந்தப்ப உங்க போன் வேலை செய்யலை. ஞாபகம் இருக்கா? ஓட்டல்ல, டிக்கெட் எடுத்த இடத்துல, உங்க தொகுதி ஆளுங்ககிட்ட எல்லாம் என் கடை நம்பரைத்தான் குடுத்தீங்க. நீங்க போயி ரொம்ப நாள் கழிச்சும் உங்க தொகுதியில தண்ணி லாரி வரலைன்னு எனக்குத்தான் போன் வந்துச்சு. நானும் சொல்றேன் சொல்றேன்னு சமாளிச்சேன்."

யாரோ சிரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். கார்மேகத்தின் முகம் கறுத்தது. நாகஜோதி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உறுப்பினர் பேருல கோப்பு இருக்கா, இல்லையா? இல்லைன்னா அந்த நம்பர் சந்தேகப்பட ஒரு காரணமே இல்லை. இருக்குன்னா, சட்டமன்ற உறுப்பினரையே வேவு பார்த்திருக்கீங்க. எது?"

"அதைத் தனியாகத் தெரிவிக்கிறேன்."

"இந்தக் குழுவே அதைக் கேட்கத்தான் இருக்கு. இங்கேயே சொல்லுங்க."

மணிமாறன் தண்ணீர் குடித்தார். "இருக்கிறது," என்றார்.

"என் வீட்டுக்கும் ஆள் போனாங்களா?" கார்மேகத்தின் குரல் கனம் இறங்கிக் கம்மிவிட்டது. "வழக்கமான விசாரணைதான்," என்றார் மணிமாறன். அதைக் கேட்டபோது, கீழக்கரை உம்மாக்கள் இத்தனை காலம் எதை விழுங்கிக்கொண்டு இருந்தார்கள் என்பது கார்மேகத்துக்கு முதல் முறையாகப் புரிந்தது. சாதிக்குக்கு அவர்மேல் பாவமாகவும் இருந்தது, உள்ளுக்குள் குளிர்ந்தும் போயிற்று. இரண்டும் உண்மை.

அந்த நம்பரை வைத்துத் திறந்த கோப்புகள் அத்தனையும் குழுவின் மேசைக்கு வர வேண்டும், சாதிக் பாட்ஷாவை விமான நிலையத்தில் தடுக்கும் உத்தரவை உடனே நீக்க வேண்டும் என்று நாகஜோதி எழுதச் சொன்னார். முதலில் வழிமொழிந்தவர் கார்மேகம்.

நிக்காஹுக்காகத் திருச்சியில் இறங்கியபோது, பாஸ்போர்ட்டை வாங்கிய அதிகாரி கணினியையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சாதிக் நிமிர்ந்தே நின்றார். முத்திரை விழுந்தது.

நிக்காஹ் மேடையில் அவர் மாப்பிள்ளையின் கையைப் பிடித்தபோது சட்டைப்பையில் போன் அடித்தது. கடை போனைத் தன் கைபேசிக்குத் திருப்பிவிட்டு வந்திருந்தார். இரண்டாவது மணி, மூன்றாவது மணி, அடித்துக்கொண்டே இருந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக அதை அடிக்க விட்டார். சொல்ல வேண்டியதை ஒவ்வொரு சொல்லாக, குரல் உடையாமல் சொல்லி முடித்தார். அதற்குப் பிறகுதான் கண் நிறைந்தது.

கையை விட்டதும் ஓரமாகப் போய்த் திருப்பி அழைத்தார்.

"காக்கா, எம் மவன் இறங்கிட்டானா?"

"இறங்கிருவான்மா, பயப்படாதீங்க," என்றார் சாதிக். "நானே இறங்கிட்டேன்."