பூச்சியத்தில் கூட்டல் பிழை

உடுவில் தேவாலயத்தில் பிரசங்கம் செய்ய ஆள் கிடைக்காத ஞாயிறுகளில் கனகரட்ணத்தைத்தான் கூப்பிடுவார்கள். அவரும் சலிக்காமல் ஒரே விடயத்தையே எடுத்துக்கொள்வார்: தேவனுடைய கிருபை இலவசமானது, அதற்கு யாராலும் விலை வைக்க முடியாது. ஞாயிறு இப்படிப் பேசியவர், திங்கள் பல்கலைக்கழகத்துக்கு வந்து, "சும்மா கிடைக்கிற சாமானிலை என்ன இருக்கப்போகுது?" என்று கேட்டார்.

சாமான் என்று அவர் சொன்னது, ஆய்வுகூடத்துக் கணினிகளில் பர்ஹானா ஏற்றி வைத்திருந்த திறந்தமூல மென்பொருளை. எங்கெங்கோ இருக்கிற கணிதக்காரர்கள் கூடிச் செய்து, யாரும் எடுத்துப் பாவிக்கலாம், உள்ளே திறந்தும் பார்க்கலாம் என்று விட்டுவைத்தது. கருத்தியல் அட்சரகணிதத்தில் ஒரு பக்கம் நிறையச் செய்யும் கணக்கை அது ஒரு வரியில் செய்துவிடும். பர்ஹானா சேர்ந்து இரண்டு வருடமான விரிவுரையாளர். கனகரட்ணத்துக்கு இருபத்தேழு வருடம். அத்தனை காலத்தில் ஒரு புள்ளியும் பிழையாகப் போடவில்லை என்பதற்காக அவர் தினமும் கர்த்தருக்கு நன்றி சொல்லிவந்தார். அது உண்மைதானா என்று கர்த்தரிடம் கேட்டதில்லை.

அந்தத் தவணைப் பரீட்சையில் பஸீனா என்ற மாணவியின் பத்து விடையும் பிழையாக இருந்தன. இருபதுக்குப் பூச்சியம். விடைத்தாளின் தலைப்பில் அதைச் சிவப்புப் பேனையால் பெரிதாகச் சுழித்து, பக்கத்தில் 'மெஷினை நம்பினால் இப்படித்தான்' என்றும் எழுதினார். சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவானவர்களின் பட்டியல் வெள்ளிக்கிழமை போகவேண்டும். இந்தப் பூச்சியத்தோடு பஸீனாவின் பெயர் அதில் வராது. நாலு வருடம் படிக்க வந்த பிள்ளை மூன்றோடு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

புதன்கிழமை காலை பர்ஹானா அவருடைய அறைக்கு வந்தார்.

"சேர், பஸீனாவின்ரை பேப்பரை ஒருக்கால் திருப்பிப் பாப்பமோ?"

"பத்தும் பிழை, பர்ஹானா."

"ஓம் சேர். பத்தும் ஒரே மாதிரிப் பிழை. அதுதான்..."

"ஒரே மாதிரிப் பிழை விட்டா அது சரியாகிடுமோ? உம்மடை மெஷினிலை பழகின பழக்கம் உது. அது விடுற பிழையை வகுப்புக்கு முன்னாலையே காட்டிறன். லாப்பிலை மூண்டு கதிரை அடுக்கும்."

பர்ஹானா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு கதிரை அடுக்கப் போனார்.

வரிசையாக மூன்று கதிரை, மூன்றாவது சுவரோடு. அம்ஹர், றொசாந்தி, நிருஷன் என்ற மூவரையும் அந்த ஒழுங்கிலேயே இருத்தினார் கனகரட்ணம். பலகையில் இரண்டு இடமாற்றங்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். இடப்பக்கத்தில் 'ஒன்றும் இரண்டும்', வலப்பக்கத்தில் 'இரண்டும் மூன்றும்'. அந்தந்தக் கதிரைக்காரர் எழும்பித் தங்களுக்குள் இடம் மாறவேண்டும்.

"எதை முதல் செய்யிறது?"

"வலப்பக்கத்திலை கிடக்கிறதை, சேர்," என்றான் நிருஷன். அவர் படிப்பித்தது அப்படித்தான்.

றொசாந்தியும் நிருஷனும் மாறினார்கள். பிறகு அம்ஹரும் நிருஷனும் மாறினார்கள். அம்ஹர் நடுக் கதிரைக்கு வந்திருந்தான்.

"இனி மெஷினைக் கேளும், பர்ஹானா."

பர்ஹானா தட்டினார். முதலாம் கதிரைக்காரர் மூன்றாம் கதிரைக்குப் போகிறார் என்றது திரை.

"பாத்தியளோ? அம்ஹர் எங்கடை கண்ணுக்கு முன்னாலை நடுவிலை இருக்கிறான். மெஷின் அவனைக் கொண்டுபோய்ச் சுவரோடை இருத்துது."

வகுப்புச் சிரித்தது. பின்வரிசையில் பஸீனா கொப்பியின் மூலையை மடிப்பதும் நிமிர்த்துவதுமாக இருந்தாள்.

"சேர்," என்றாள் றொசாந்தி, "இடப்பக்கத்தை முதல் செய்தா இவன் சுவரோடைதான் வருவான் போலை கிடக்கு. பழையபடி இருந்து ஒருக்கால் மாறிப் பாப்பமோ?"

"எனக்குச் சுவரடிதான் விருப்பம் சேர். அங்கைதான் ஃபான் காத்து வருது," என்றான் அம்ஹர்.

மாறிப் பார்த்தார்கள். அம்ஹர் சுவரோடு போய், காற்றாடிக்குக் கீழே வசதியாகச் சாய்ந்துகொண்டான்.

இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. எதை முதலில் செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று ஒவ்வொரு வருடமும் முதல் விரிவுரையில் சொல்கிறவர் கனகரட்ணம். இடப்பக்கத்தை முதலில் செய்யும் புத்தகங்களும் உண்டு, இரண்டு வழக்கமும் சரிதான் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அந்தப் புத்தகங்களை அவர் இருபத்தேழு வருடமாகத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

"போதும், போங்கோ பிள்ளையள்," என்றார். "பஸீனா, நீர் அறைக்கு வாரும்."

அறையில் விடைத்தாளை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். தான் சுழித்த சிவப்புப் பூச்சியத்துக்கு அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது: 'இடப்பக்கத்தில் உள்ளதை முதலில் செய்கிறேன்.' அப்படிப் பார்த்தால் பத்தும் சரி.

"முதல் வரியிலையே எழுதியிருக்கிறீர். வந்து சொல்லியிருக்கலாமே?"

"எழுதினதுக்கு மேலைதானே சேர் பூச்சியம் போட்டிருந்தனீங்கள். வாசிச்சுப்போட்டுத்தான் போட்டனீங்களாக்கும் எண்டு நினைச்சன்."

அவர் விடைத்தாளை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"நானும் முதல் உங்களை மாதிரித்தான் சேர்," என்றாள் பஸீனா, அவருக்கு ஆறுதல் சொல்வதுபோல. "சின்னனிலை இருந்து குர்ஆன் ஓதிப் பழகினது. வலப்பக்கத்திலை இருந்து துடங்கிறது எனக்கு லேசு. மெஷினிலை செய்யப்போய்த்தான் மற்றப்பக்கம் பழகினன்."

வேதாகமத்தை இடப்பக்கத்திலிருந்து வாசித்துக்கொண்டு, வலப்பக்கத்துக்காக இவ்வளவு வாதாடியிருக்கிறோமே என்று கனகரட்ணத்துக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்தது. "பிழை என்னிலை, பிள்ளை. உமக்கு இருபது," என்றார். நாளைக்கு வகுப்பிலும் இதைச் சொல்வதாகச் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள்.

பின்னேரம் பர்ஹானா புள்ளி திருத்தும் படிவத்தைக் கொண்டுவந்தார்.

"உமக்கு முதலே தெரியுமோ?"

"ஓம் சேர்."

"ஏன் சொல்லேல்லை?"

"சொல்லத்தான் வந்தனான். நீங்கள் கதிரை அடுக்கச் சொன்னியள்."

படிவத்தில் 'காரணம்' என்ற இடத்தில் 'கூட்டல் பிழை' என்று பர்ஹானா ஏற்கனவே பென்சிலால் மெல்லியதாக எழுதியிருந்தார். அந்தப் பீடத்தில் எந்தப் புள்ளியை யார் திருத்தினாலும் காரணம் கூட்டல் பிழைதான். ஒருவருடைய மரியாதையும் கெடாமல் இருக்க எல்லோருமாகக் கண்டுபிடித்த வழி அது.

"பூச்சியத்திலை என்ன கூட்டல் பிழை, பர்ஹானா? கூட்டுறதுக்கு ஒண்டும் இருக்கேல்லையே."

"உதை ஒருதரும் வாசிக்கிறேல்லை சேர்."

பென்சில் எழுத்தை அழிக்க அவருக்கு மனம் வரவில்லை. அதற்குக் கீழே பேனையால் எழுதினார்: 'பரீட்சகர் முதல் வரியை வாசிக்கவில்லை.'

வெள்ளிக்கிழமை காலை பரீட்சைப் பகுதியிலிருந்து தொலைபேசி வந்தது.

"சேர், நீங்கள் எழுதின காரணம் எங்கடை சிஸ்டத்திலை இல்லை. இருக்கிற அஞ்சிலை ஒண்டைத்தான் போடலாம். இது சரிவந்தாத்தான் லிஸ்ட் போகும். மேலை பென்சிலாலை ஒண்டு எழுதிக் கிடக்கு, அதை எடுக்கட்டோ?"

கனகரட்ணம் நாட்காட்டியைப் பார்த்தார். "எடும்," என்றார்.

பட்டியல் பஸீனாவின் பெயரோடு போனது. அடுத்த ஞாயிறு கனகரட்ணம் முழங்காலில் நின்று ஜெபிக்கும்போது, வழக்கமான நன்றியில் புள்ளிகளைப் பற்றிய வரியை விட்டுவிட்டார். அந்த இடத்தில் பர்ஹானாவின் பென்சிலுக்காக நன்றி சொன்னார்.