வளையம் போட்ட சிட்டு

கறுப்புக் கால்சட்டையும் பனியனுமாக அடுப்படியில் நின்று அல்சீட் சர்க்கரைத் தண்ணீரை ஆற்றிக்கொண்டிருந்தார். தேய்த்த சட்டை நாற்காலியில் தொங்கியது. இன்று அவர் மனைவி எல்மீரை அடக்கம் செய்யும் நாள்.

“இன்னைக்குமாடா தம்பி?” என்றபடி அக்கா வெர்லி கம்போ குழம்புச் சட்டியோடு உள்ளே வந்தார். “துக்க வீட்டுல குருவிக்குப் பாகு காய்ச்சுற ஆள இப்பத்தான் பாக்குறேன்.”

“அதுக்குத் துக்கம் தெரியுமாக்கா? பசிதான் தெரியும்.”

“உன் பொண்டாட்டி மாதிரியே பேசுற.”

“இத்தன வருசம் கூட இருந்திருக்கேன். ஒட்டாம இருக்குமா?”

இந்தச் சண்டை பழையது. அக்டோபர் வந்தால் ஊரில் எல்லோரும் குருவிகளுக்குச் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றித் தொங்கவிடும் தோட்டத்துப் புட்டிகளைக் கழற்றிக் கழுவிப் பரணில் போட்டுவிடுவார்கள். எல்மீர் மட்டும் குளிர்காலம் முழுக்கத் தொங்கவிடுவாள். இனிப்பைக் காட்டி ரீங்காரச் சிட்டுகளைப் போகவிடாமல் நிறுத்தி, பனியில் சாகடிக்கிறாள் என்று பூசை முடிந்து வருகிறவர்களிடமெல்லாம் வெர்லி சொல்லித் தீர்த்தார். கொலைகாரி என்றுகூடச் சொன்னார்.

போன குளிர்காலத்தில் எல்மீர், பறவைகளுக்கு வளையம் போடும் லாண்டனை வரவழைத்து, தன் புட்டிக்கு வந்த செம்பழுப்புப் பெட்டையின் காலில் எண் பொறித்த வளையம் போடவைத்தாள்.

“இது போயிட்டுத் திரும்பி வந்தா ஒத்துக்குவீங்களா மதினி?” என்று கேட்டாள்.

“வரட்டும், பாக்கலாம்.”

மார்ச்சில் சிட்டு கிளம்பிப் போனது. கோடையில் எல்மீர் படுக்கையில் விழுந்தாள், அக்டோபரில் போய்விட்டாள். சாவதற்கு முந்தின நாள் சன்னல் வழியே புட்டியைப் பார்த்தவள், “அது காலு மினுங்குதுங்க” என்றாள். மருந்து மயக்கம் என்றார் வெர்லி. அல்சீட்டும் பார்த்தார்தான். மினுங்கியது வளையமா வெயிலா என்று அவரால் அடித்துச் சொல்ல முடியவில்லை. லாண்டனுக்குப் போன் போட்டார். அவரால் இன்று காலைதான் வர முடிந்தது.

லாண்டன் புட்டியைக் கம்பிக் கூண்டுக்குள் தொங்கவிட்டு, அதன் கதவைத் தூக்கித் தூண்டில் நரம்பில் கட்டினார். துக்கத்துக்கு வந்தவர்கள் காபிக் கோப்பைகளோடு பின்வாசலில் கூடினார்கள்.

“ஊரே சிரிக்கப்போகுது. வளையம் இல்லன்னா என்னடா பண்ணுவ?” என்றார் வெர்லி.

“சட்டையப் போட்டுக்கிட்டுக் கோயிலுக்கு வருவேன்” என்றார் அல்சீட். சொல்லிவிட்டாரே தவிர, எல்மீர் பொய்யாகிப் போய் மண்ணுக்குள் இறங்குவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

சிட்டு வந்தது. கூண்டை ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே நுழைந்தது. லாண்டன் நரம்பை விட்டார், கதவு விழுந்தது. அவர் சிட்டை இரண்டு விரலுக்கிடையில் எடுத்து, காலைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார்.

“என் வளையந்தான்,” என்றார் லாண்டன். “இதே வேலியோரம் நான் போட்டது. அலாஸ்கா வரைக்கும்கூடப் போயிருக்கும். குஞ்சு பொரிச்சிட்டு நேரா இந்தப் புட்டிக்கே வந்திருக்கு.”

அழுகை வரும் என்றுதான் அல்சீட் நினைத்திருந்தார். வந்தது பெருமை. நெஞ்சு கொள்ளாமல் வந்தது. என் பெண்டாட்டி என்று தெருவில் போய்ச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

விடும்போது சிட்டை வீட்டுக்காரர் கையில் வைப்பது லாண்டனின் வழக்கம். போன வருடம் எல்மீர் கையில் வைத்தார். இப்போது அல்சீட்டிடம் நீட்டினார்.

“அக்கா கையில வைங்க.”

“எனக்கு எதுக்குடா?” என்றார் வெர்லி.

“கைய நீட்டுக்கா. அவ உனக்குக் காட்டத்தான் வளையம் போட்டா.”

வெர்லி வலக்கையின் கறுப்பு உறையைக் கழற்றினார். லாண்டன் சிட்டை உள்ளங்கையில் கிடத்தினார். அது பறக்கவில்லை. அப்படியே கிடந்தது.

“எப்படித் துடிக்குதுடா,” என்றார் வெர்லி. “என் கை நடுக்கமா, அதுவா?”

“அதுதான்.”

“போகச் சொல்லு.”

“அதுக்குத் தெரியும்க்கா, எப்பப் போகணும்னு.”

சட்டென்று கை காலியானது. சிட்டு வேலியைத் தாண்டிப் போய் மரத்தில் உட்கார்ந்தது. லாண்டன் கூண்டைப் பிரித்துவிட்டுப் புட்டியை மறுபடி அதன் கொக்கியில் மாட்டினார். அல்சீட் உள்ளே போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டார்.

தேவாலய வாசலில் அக்காவும் தம்பியும் நின்றார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கைகொடுத்தார்கள். வெர்லி எல்லோருக்கும் இடக்கையையே நீட்டினார்.

“கையில அடியா?” என்று பாதிரியார் விசாரித்தார்.

“இல்ல ஃபாதர்,” என்றார் வெர்லி. உறை போடாத வலக்கையை மூடி மார்போடு வைத்திருந்தார்.