முதல் அழைப்பு

வீட்டை விட்டுப் போன சுஹைனா ஒரு வருடம் கழித்துக் கூப்பிட்டபோது, அதியா மொட்டை மாடியில் இருந்தாள். பழைய கார்ட்லெஸ் போன் அங்கே எட்டாது. மகள் தன் புது நம்பரை அந்தப் போனிலேயே பதிவாகும் வாய்ஸ்மெயிலில் சொல்லி, "மனசிருந்தா நீங்க கூப்புடுங்க, இனி நான் கூப்புடமாட்டேன்" என்றிருந்தாள்.

மூன்று நாளாக மகள் பேச்சையே எடுக்காத ஷௌகத் அலி இன்று மனைவி அதியாவிடம், "புதுப் போன் வாங்கி மொதல்ல அவளக் கூப்புடுவோம்" என்றார். பழையதை எக்ஸ்சேஞ்சுக்கு எடுத்துக்கொண்டு ஓசூர் கடைக்கு வந்தார்கள்.

"மாடிக்கு எட்டுமாப்பா?"

"மூணு மாடிக்கும் எட்டும்மா. மெசேஜ் வந்தா செவப்பு லைட்டு மின்னும்," என்றார் கடைக்காரர்.

"எம் பொண்ணு பழசுல பேசி வச்சது இதுலயும் வந்துருமில்ல?"

"அது பழசுலதாம்மா இருந்துருக்கும். எக்ஸ்சேஞ்சுக்காக இப்பத்தான் அதுல எல்லாத்தையும் அழிச்சேன்."

அதியா கணவரைப் பார்த்தாள். "நம்பர எழுதுனீங்களா?"

"நீ எழுதிருப்பேன்னு..."

கடைக்காரர் புதுப் போனை ஷௌகத் அலியிடம் நீட்டினார். "யாருக்காவது அடிச்சுப் பாருங்க பாய்."

அவர் அதைக் கையில் வாங்கவில்லை.