இடது ஸ்பீக்கரில் ஒரு கிணுகிணுப்பு

அந்தக் கட்டடத்தில் அவனை எல்லாரும் லிஃப்ட்காரன் என்றுதான் சொல்வார்கள். ஊரெல்லாம் லிஃப்ட் பழுது பார்ப்பவன் குடியிருந்தது என்னவோ, லிஃப்டே இல்லாத பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில். மனைவி தையல்காரி. உள்ளறையில் அவளுடைய மோட்டார் வைத்த தையல் மிஷின். கூடத்தில் அவனுடைய ஆம்ப்ளிஃபயர். நடுவே ஒரு சுவரும் சாத்திய கதவும். ஆனால் காலடியில் இரண்டுக்கும் ஒரே மரத்தளம். வினையே அங்கேதான் இருந்தது.

ஆம்ப்ளிஃபயரை அவன் வாங்கியது மகள் போன பிறகு. ஏழு வயதுப் பிள்ளை. காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு போனார்கள், வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். அதற்கப்புறம் வீட்டில் பேச்சு அற்றுப்போயிற்று. எதைச் சொல்ல வாயெடுத்தாலும் அது பிள்ளையிடம் போய் நின்றது. அவள் மிஷினே கதியென்று உட்கார்ந்துவிட்டாள். குழந்தைத் துணியை மட்டும் தொடமாட்டாள். திரைச்சீலை, தலையணை உறை, மெத்தை விரிப்பு என்று நேர்த்தையலாக ஓட்டித் தள்ளினாள். அவன் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயரைத் தூக்கி வந்து, வேலை விட்டு வந்ததும் அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டான்.

வால்வு என்பது கண்ணாடிக் குழல். உள்ளே மயிரிழை போலக் கம்பிகள். அவை ஆடினால், அந்த ஆட்டமும் பாட்டோடு சேர்ந்து பெரிதாகிவிடும். அவள் மிஷினை ஓட்டினால் தளம் அதிரும், மேஜை அதிரும், இடது ஸ்பீக்கரில் ஒரு கிணுகிணுப்பு கிளம்பும். நீளமாக வந்தால் திரைச்சீலை. விட்டுவிட்டு வந்தால் தலையணை உறை மூலை திரும்புகிறது.

"பாட்டுக்குள்ள என் மிஷின் ஓடுது போலிருக்கே?" என்று ஒருநாள் அவளே வந்து கேட்டாள். "நிறுத்திடவா?"

"நீ ஏன் நிறுத்தணும்? நீ பாட்டுக்குத் தை. நான் இதைத் தளத்துலேர்ந்து பிரிச்சு வெச்சுக்கறேன்."

அவனுக்குக் கைவந்த வித்தைதான். மொட்டைமாடியில் லிஃப்ட் மோட்டாரை ரப்பர் கட்டைகள்மேல்தான் உட்கார வைப்பார்கள். இல்லாவிட்டால் கட்டடம் முழுக்க உறுமும். வேலையிடத்தில் கழற்றிப்போட்ட நாலு கட்டைகளைக் கொண்டுவந்து ஆம்ப்ளிஃபயருக்கு முட்டுக் கொடுத்தான். கிணுகிணுப்பு இம்மியும் குறையவில்லை. மோட்டாரின் பாரத்துக்கு அமுங்கிக்கொடுக்கும் ரப்பர், இந்தப் பெட்டிக்குக் கல்லாக நின்றது. டென்னிஸ் பந்துகளைப் பாதியாக அறுத்து வைத்தான். பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து தள்ளாடியது. துணி எடுக்க வந்தவள் பார்த்துவிட்டு, "இதுக்கு யாரு ஊத்திக் குடுத்தது?" என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. யாரோ பார்த்துவிட்டாற்போல இரண்டு பேருமே சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள்.

கடைசியில் கைகொடுத்தது சைக்கிள் டியூப். அரைக்காற்று அடைத்து, வளையமாக மேஜைமேல் போட்டு, அதன்மேல் ஒரு கனத்த கருங்கல் பலகை, கல்லின்மேல் ஆம்ப்ளிஃபயர். ஒயர் விறைப்பாக இருந்தால் அதன் வழியாகவும் அதிர்வு ஏறும் என்று அவற்றையும் தொய்வாக விட்டான். விரலால் தொட்டால் பெட்டி துறையில் கட்டிய படகுபோல மெல்ல அசைந்து நின்றது. உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரில் பாட்டு மட்டும் வந்தது, அலசி எடுத்த மாதிரி.

கதவைத் திறந்து, "இப்ப நீ தைக்கறது சுத்தமா கேக்கல!" என்றான்.

"நல்லதாப் போச்சு" என்றாள் அவள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பிறகு ஒரு மாலை, இரண்டு இசைத்தட்டுகளை முழுக்கக் கேட்டுவிட்டுப் பசியோடு எழுந்தான். அடுப்பு சில்லிட்டுக் கிடந்தது. உள்ளறையில் மிஷின்மேல் உறை மாட்டியிருந்தது. கொடியில் அவள் புடவைகள் இல்லை. அவளுடைய அக்காவுக்கு போன் போட்டான்.

"இங்கதான் இருக்கா. மத்தியானமே வந்துட்டா" என்றாள் அக்கா. "உங்களுக்கு இப்பத்தான் தெரியுமா?"

மறுநாள் காலையில் போய் நின்றான். கதவைத் திறந்த சகலை, "வாங்க, உள்ள இருக்கா" என்று சொல்லிவிட்டு, இல்லாத வேலை ஒன்றைச் சொல்லிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"என்மேல என்ன கோவம்?"

"கோவமெல்லாம் இல்லீங்க."

"அந்த ஆம்ப்ளிஃபயரை வித்துடறேன்."

"அது என்ன பண்ணிச்சு, பாவம்." அவள் முந்தானை ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள். "கீழ்வீட்டு டீச்சர் தன் பொண்ணுக்கு கவுன் தைக்கணும்னு துணி கொண்டாந்தாங்க. முடியாதுன்னு சொல்ல வாய் வரல. அளவெடுத்தேன். நம்ம பிள்ளை அளவேதான், தோள்லேர்ந்து முட்டி வரைக்கும். எப்படியோ வெட்டிட்டேன். ஆனா தைக்கக் கை வரல. மிஷினை நிறுத்திட்டு அப்படியே உக்காந்துட்டேன்."

அவன் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

"முன்னெல்லாம் மிஷின் நின்னா எட்டிப் பாப்பீங்க. நூல் அறுந்துச்சா, டீ போடட்டுமான்னு. சத்தம் நின்னிருச்சே, வருவீங்கன்னு உக்காந்திருந்தேன். மறுநாளும் உக்காந்திருந்தேன். அதுக்கப்புறமும். மிஷினை நான் தொடவே இல்ல. அந்தப் பக்கம் பாட்டு ஓடிக்கிட்டே இருந்துச்சு."

"எனக்குக் கேக்கல, ம்மா" என்றான். "சத்தியமா கேக்கல. நீ தைச்சிக்கிட்டிருக்கேன்னே நினைச்சேன்."

"தெரியும். கேக்கக் கூடாதுன்னுதானே அவ்வளவு பாடுபட்டீங்க. குத்திக் காட்டலீங்க. நானும் எழுந்து வந்து கூப்பிட்டிருக்கலாம். எனக்கும் கால் வரல."

பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுவந்த அன்றுகூட அழாதவன், அந்த வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் குனிந்து உட்கார்ந்து விம்மினான். அவள் அவன் தலையில் கை வைத்தாள். எடுக்காமல் வெகுநேரம் வைத்திருந்தாள்.

"வீட்டுக்கு வந்துடு."

"அங்க எனக்கு மூச்சு முட்டுது. இங்க அக்கா எதையாவது பேசிக்கிட்டே இருக்கா, அது போதும்."

அடுத்த வாரம் சகலை ஒரு சின்ன வண்டியோடு வந்தார். இரண்டு பேருமாகத் தையல் மிஷினை மூன்று மாடி இறக்கினார்கள். "பாரத்தை என் பக்கம் விடுங்க" என்று கனத்த முனையை அவனே வாங்கிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைப் பார்க்கப் போவான். முதலில் கரண்ட் பில், கீழ்வீட்டு டீச்சர், முழங்கால் வலி என்று ஊர்க்கதைதான் ஓடியது. அப்படி ஒரு ஞாயிறு, "அவளுக்கு லிஃப்ட்னு சொல்லவே வராது. 'லிப்பிட்டு, லிப்பிட்டு'ம்பா, ஞாபகம் இருக்கா?" என்று அவள் கேட்டாள்.

"எங்கப்பா லிப்பிட்டு டாக்டர்னு ஸ்கூல் பூரா சொல்லிவெச்சாளே!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். இந்தத் தடவை வாயை மூடிக்கொள்ளவில்லை. சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே ஆரம்பித்தது என்று இருவருக்குமே தெரியவில்லை. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி அடுக்களைக்கே போய்விட்டாள்.

கிளம்பும்போது வீட்டுக்கு வா என்று அவன் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வரமாட்டாள் என்பது இருவருக்குமே தெரிந்திருந்தது. அவள் கேட் வரைக்கும் கூட வந்தாள்.

"அடுத்த வாரம் மழைன்னு சொல்றாங்க. பாத்து வாங்க."

"மழை பெஞ்சாலும் வரேன்."

தலையாட்டிவிட்டு, அவள் கேட்டைச் சாத்திக்கொண்டாள்.