கோவிந்தராசு, ம.

ஆவணி மாதத்தில் அண்ணன் இளையபெருமாள் போன் செய்தால் அது செவ்வந்தியின் நலம் விசாரிக்க அல்ல. விதை விஷயமாகத்தான் இருக்கும்.

"இந்த வாரம் நம்ம வாய்க்காலுக்குத் தண்ணி வந்துடும்னு சொல்றாங்க. நாத்தங்கால் உழுது போட்டாச்சு. இந்த வருஷமும் குழியடிச்சானே விடவா, இல்ல ஆயிரத்தொம்பதுக்கு மாறிடவா? உங்க லைப்ரரில யாரையாச்சும் கேட்டுச் சொல்லேன்."

தஞ்சாவூரில் பல்கலைக்கழக நூலகராக இருக்கும் தங்கைக்கு நெல்லும் தெரிந்திருக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. அவர் நிலம் தலைஞாயிறு தாண்டிக் கடைமடையில் இருக்கிறது. காவிரி கடைசியாக எட்டிப் பார்க்கிற பக்கம். கடல் மட்டும் அழைக்காமலே இரண்டு முறை, சுனாமியில் ஒன்று, புயலில் ஒன்று, வந்துவிட்டுப் போயிருக்கிறது, உப்பையும் விட்டுவிட்டு. குழியடிச்சான் என்கிற பழைய நெல் உப்பைத் தாங்கும்; ஆனால் கொஞ்சமாகத்தான் விளையும். ஆயிரத்தொம்பது என்கிற ரகம் நன்றாக விளையும்; மண்ணில் உப்பு மிச்சமிருந்தால் கதிர் வருவதற்கு முன்பே கருகிவிடும். உப்பு இறங்கிவிட்டதா என்பதுதான் கேள்வி. தப்பாக முடிவெடுத்தால் ஒரு போகம் போச்சு.

"கேட்டுச் சொல்றேண்ணே" என்று வைத்துவிட்டாள். வருஷா வருஷம் அவள் சொல்லும் பதிலும் அதுதான்.

விடை இல்லாமல் இல்லை. அதுதான் அவளுக்கு எரிச்சல். இரண்டு துண்டாக, இரண்டு பேருடைய கம்ப்யூட்டரில் அது இருந்தது. ஒருவர் இதே பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் மதிவாணன். கடைமடை ஊர்களின் கிணற்று நீரிலும் மண்ணிலும் எவ்வளவு உப்பு என்று பல வருஷமாக அளந்து வைத்திருக்கிறார். இன்னொருவர் கும்பகோணத்துப் பக்கம் வேறொரு பல்கலைக்கழகத்தில் இருக்கும் மங்கையர்க்கரசி. அதே ஊர்களில், அதே வயல்களில், எந்த நெல் எவ்வளவு விளைந்தது என்று அறுவடைக்கு அறுவடை போய் அளந்தவர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எவ்வளவு உப்புக்கு எந்த நெல் என்பது தானாகத் தெரிந்துவிடும். வைத்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

இருவரும் ஒன்றாக ஆய்வைத் தொடங்கியவர்கள். முதல் கட்டுரை தயாரானபோது யார் பெயர் முதலில் என்று பேச்சு வந்தது. கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போனால் அடுத்த தலைமுறை வரை முகம் கொடுத்துப் பேசாத சீமை இது. ஆய்வுக் கட்டுரையில் பெயர் பின்னால் போனால் கேட்கவா வேண்டும்? கட்டுரை வரவே இல்லை. கருத்தரங்குகளில் இவர் முன்வரிசையில் உட்கார்ந்தால் அவர் கடைசி வரிசையைத் தேடிப் போவார். பக்கோடா தட்டைக்கூட ஒருவர் எடுத்து முடித்த பிறகுதான் இன்னொருவர் நெருங்குவார்.

இப்போது ஐந்து பல்கலைக்கழக நூலகங்கள் சேர்ந்து ஒரு பொதுத் தரவுக் களஞ்சியம் கட்டிக்கொண்டிருந்தன. ஆய்வாளர்கள் அளந்ததையும் எண்ணியதையும் ஒரே இடத்தில் போட்டு வைப்பது. போட்டவர் 'திற' என்று அனுமதித்துவிட்டால் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். அந்த வேலைக்குப் பொறுப்பு செவ்வந்தி. சொல்வதற்குச் சுலபமாகத்தான் இருந்தது. பேராசிரியர்களோ தங்கள் தரவைக் கல்யாணத்துக்குச் சேர்த்த நகை மாதிரி பூட்டி வைத்திருந்தார்கள். மதிவாணனிடம் போனால், "அந்தம்மா போட்டுட்டாங்களா? முதல்ல அவங்க போடட்டும்" என்பார். மங்கையர்க்கரசிக்குப் போன் போட்டால், "அவர் போட்ட பிறகு சொல்லு" என்பார். ஒரு வருஷம் இப்படியே ஓடியது.

கடைசியில் செவ்வந்தி கேள்வியைத் திருப்பிப் போட்டாள். மதிவாணனிடம் போய், "சார், களஞ்சியத்துல முதல் ஆளா உங்க தரவுதான் வரணும்னு இருக்கேன். மங்கையர்க்கரசி மேடம் இன்னும் போடலை" என்றாள். அன்றைக்கே மங்கையர்க்கரசிக்குப் போன் செய்து பெயரை மட்டும் மாற்றி அதையே சொன்னாள். இரண்டும் அந்த நேரத்துக்கு உண்மைதான். இருவரும் ஒரே நாளில் ஏற்றிவிட்டார்கள். ஆனால் 'திற' பொத்தானை இருவரும் தொடவில்லை. பூட்டியபடியே இருக்கட்டும், யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள்.

அண்ணனுக்கு வேண்டிய விடை இப்போது அவளுடைய கம்ப்யூட்டருக்குள்ளேயே வந்துவிட்டது. ஆனால் எட்டவில்லை. களஞ்சியத்தின் மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் ஆஸிம், நாகூர்க்காரர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, நான் வேணா ஒரு தடவை திறந்து பார்த்துச் சொல்லட்டா? யாருக்கும் தெரியாது."

"கை வச்சீங்க, தொலைச்சுடுவேன் ஆஸிம். நம்மளே பூட்டைத் திறந்தா நாளைக்கு எவன் நம்மகிட்ட தரவைக் கொடுப்பான்?"

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கும் ஆசை இல்லாமல் இல்லை.

அந்த வாரம் ஆஸிம் வேறொரு நல்ல காரியம் செய்தார். ஐந்து நூலகங்களின் பெயர்ப் பட்டியலும் ஒன்றாகச் சேர்ந்ததில் ஒரே ஆள் நாலைந்து பெயரில் நின்றார். இன்ஷியல் முன்னால், இன்ஷியல் பின்னால், புள்ளியோடு, புள்ளி இல்லாமல். அந்தக் குப்பையைக் கூட்டித் தள்ளுவதற்கு ஒரு நிரல் எழுதி ஓடவிட்டார். மென்பொருள் வெளிநாட்டில் செய்தது. அதில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் உண்டு. நிரப்பாவிட்டால் அடுத்த பக்கத்துக்கு விடாது. நம் ஊரில் குடும்பப் பெயருக்கு எங்கே போவது? எல்லோரும் அப்பா பெயரைப் போட்டுவிட்டு, தங்கள் பெயரைப் பக்கத்துக் கட்டத்தில் ஒற்றை எழுத்தாகச் சுருக்கிவிட்டார்கள்.

மதிவாணனுடைய அப்பா கோவிந்தராசு, ஒரத்தநாட்டுப் பக்கம் நிலபுலனோடு இருந்தவர். மங்கையர்க்கரசியின் அப்பாவும் கோவிந்தராசுதான்; திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஊரார் வயலில் நாற்றுக் கட்டு சுமந்து மகளைப் படிக்க வைத்தவர். நிரலுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. 'கோவிந்தராசு, ம.' என்று இரண்டு இருந்தது. ஒன்றாக்கிவிட்டது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. வணக்கத்தோடு ஒரு மின்னஞ்சலும் அனுப்பியது: "அன்புள்ள கோவிந்தராசு, ம. அவர்களே, தங்களின் இரண்டு தரவுத் தொகுப்புகளும் இப்போது ஒரே கணக்கில் உள்ளன. தாங்கள் அவற்றைப் பார்க்கலாம், திருத்தலாம், நீக்கலாம்." இரண்டு பேருக்கும் போனது.

மறுநாள் காலையில் அந்த மின்னஞ்சலின் நகலைப் பார்த்ததும் செவ்வந்தி ஆஸிமின் மேஜைக்கு ஓடினாள்.

"நீக்கலாம்னு போட்டிருக்கே ஆஸிம்! அவர் கையில அவங்க தரவு. அவங்க கையில இவரோடது. ஒருத்தர் கோவத்துல அழிச்சுட்டா?"

ஆஸிம் வேர்த்து விறுவிறுத்துப் பதிவுகளைத் தேடினார். "ரெண்டு பேரும் உள்ள வந்திருக்காங்கக்கா. அழிக்கலை. ஆனா..." என்று இழுத்தார். "ஒருத்தரோடதை ஒருத்தர் எடுத்துப் பார்த்திருக்காங்க. முழுசா."

கணக்கைப் பிரிக்க அவர் உட்கார்ந்தபோதே கதவைத் தள்ளிக்கொண்டு மதிவாணன் வந்துவிட்டார்.

"என்னம்மா இது? எங்கப்பா பேருக்குக் கீழ அந்தம்மா தரவு நிக்குது. இதுதான் நீங்க கட்டுற களஞ்சியமா?"

அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பதற்குள் மங்கையர்க்கரசி வந்தார். கும்பகோணத்திலிருந்து காரை விரட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். மதிவாணனைப் பார்த்தார், பார்க்காத மாதிரி மேஜையின் அந்தக் கோடியில் போய் உட்கார்ந்தார்.

"செவ்வந்தி, நான் யாரு? சொல்லு. எங்கப்பா எனக்கு மங்கையர்க்கரசின்னு நீளமாப் பேர் வச்சாரு. அதை ஒத்தை எழுத்தாக்கி, யாரோ ஒருத்தரோட கட்டி வச்சிருக்கீங்க."

"யாரோ ஒருத்தராம்" என்றார் மதிவாணன், புத்தக அலமாரியைப் பார்த்து.

செவ்வந்தி மன்னிப்புக் கேட்டாள். ஆஸிம் மன்னிப்புக் கேட்டார். ஒரு மணி நேரத்தில் பிரித்துவிடுகிறோம் என்றார்கள். இருவரும் அதற்குச் சரி என்றார்கள். ஆனால் எழுந்து போகவில்லை. செவ்வந்திக்கு அது விநோதமாக இருந்தது.

மங்கையர்க்கரசி தொண்டையைச் செருமினார். "செவ்வந்தி, அவர்கிட்ட ஒண்ணு கேளு. தலைஞாயிறு தாண்டி, பதினோராம் நம்பர் கிணறு. புயலுக்கு அடுத்த வருஷம் அங்க உப்பு அவ்வளவு ஏறியிருக்கு. எனக்கு அந்த வயல்ல நெல்லு கருகவே இல்லையே. அவர் அளந்தது சரிதானான்னு கேளு."

"நான் அளந்தது சரிதான்னு சொல்லுங்கம்மா" என்றார் மதிவாணன். "அவங்க எந்த நெல்லை அளந்தாங்கன்னு கேளுங்க."

இருவரும் ஒரே மேஜையில்தான் இருந்தார்கள். நடுவில் செவ்வந்தி தபால்காரியாக நின்றாள். அந்தக் கேள்வி வரைக்கும் அப்படி ஓடியது. அதற்குப் பதில் சொல்ல மங்கையர்க்கரசி பொறுமை இழந்து நேராகவே திரும்பிவிட்டார்.

"குழியடிச்சான்ங்க. அந்த ஆளு புயல் முடிஞ்ச உடனே நெல்லை மாத்திட்டாரு."

மதிவாணன் கண்ணாடியைக் கழற்றினார். "மாத்திட்டாரா? அதான் விஷயமா? அவ்வளவு உப்புலயும் பயிர் பச்சையா நிக்குதேன்னு, நான் இத்தனை வருஷமா அந்த ஊர்ல ஏதோ அளவுல தப்பு பண்ணிட்டேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

"நான் உங்க கருவி கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்."

"அந்த ஆளு எங்க அண்ணன்" என்றாள் செவ்வந்தி.

இருவரும் நிமிர்ந்தார்கள். அவளுக்கு அடக்கி வைத்ததெல்லாம் வந்துவிட்டது.

"பேரு இளையபெருமாள். நீங்க வருஷா வருஷம் போய்த் தண்ணி எடுத்துட்டு வந்தீங்க சார். நீங்க போய் நெல்லு அளந்துட்டு வந்தீங்க மேடம். ரெண்டு பேருக்கும் எங்க அண்ணிதான் டீ போட்டுக் கொடுத்தாங்க. என்ன ஆச்சு, உப்பு இறங்கிச்சா, என்ன நெல்லு போடலாம்னு ஒருத்தராவது திரும்பப் போய்ச் சொன்னீங்களா? அவருக்கு இந்த வாரம் விதை விடணும். விடை இந்தப் பெட்டிக்குள்ள இருக்கு. உங்க ரெண்டு பேர்ல யாரு முதல்லன்னு தெரியாம என்னால அதைத் திறக்க முடியலை."

வேலை போனாலும் போகட்டும் என்று இருந்தது அவளுக்கு. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

மங்கையர்க்கரசி தலையைக் குனிந்துகொண்டார். "ஏலக்காய் போட்ட டீ" என்றார். மதிவாணன், "ஆமா" என்றார்.

ஆஸிம் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார். "சார், மேடம், நான் இன்னும் கணக்கைப் பிரிக்கலை. இப்போதைக்கு நீங்க ரெண்டு பேரும் ஒரே ஆள்தான். அதனால 'திற'ன்னு ஒரு தடவை அமுக்கினா ரெண்டும் ஒண்ணாத் திறந்துக்கும். யாரும் முதல் இல்ல."

செவ்வந்தி கணினியை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தாள். மதிவாணன் மௌஸைத் தொட்டார். உடனே கையை எடுத்துக்கொண்டார்.

"நீங்க அமுக்குங்க."

"இல்லங்க, நீங்களே அமுக்குங்க" என்றார் மங்கையர்க்கரசி.

"சேச்சே, நீங்கதான்."

"பரவாயில்ல, நீங்க..."

இத்தனை வருஷம் நான்தான் முதலில் என்று நின்றவர்கள் இப்போது நீங்கதான் முதலில் என்று நிற்கிறார்கள். இதுவும் ஒரு வருஷம் ஓடிவிடுமோ என்று செவ்வந்திக்குக் கலக்கமாகிவிட்டது. "யாராவது அமுக்குங்களேன்" என்று கும்பிட்டே விட்டாள். மங்கையர்க்கரசி சிரித்துக்கொண்டே அமுக்கினார்.

அவள் அண்ணனுடைய கிணற்று நீரின் உப்பு ஒரு பத்தியில், அவர் வயலின் நெல் அடுத்த பத்தியில். பேராசிரியர்கள் இருவரும் ஒரே திரையில் தலையை நுழைத்துக்கொண்டு பார்த்தார்கள். அவளுக்கு எட்டிப் பார்க்க இடம் இல்லை.

"வடக்குப் பங்குல உப்பு நல்லா இறங்கியிருக்கு. ஆயிரத்தொம்பது தாராளமாப் போடலாம்" என்றார் மதிவாணன்.

"வாய்க்கால் பக்கம், அதான். தெக்குப் பங்குல வேணாம். அங்க இன்னும் குழியடிச்சான்தான்" என்றார் மங்கையர்க்கரசி.

மாலையில் ஆஸிம் கணக்கைப் பிரித்தார். இருவருக்கும் அவரவர் முழுப்பெயர் திரும்பக் கிடைத்தது. இரண்டையும் சேர்த்து வைக்கிற பொதுப் பக்கத்துக்கு ஒரு பெயர் வேண்டும், யார் பெயரை முன்னால் போடுவது என்று அவர் கேட்டபோது செவ்வந்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

"கோவிந்தராசு தொகுப்புன்னு போடுங்க தம்பி" என்றார் மங்கையர்க்கரசி. "அது போதும்."

"எந்தக் கோவிந்தராசுன்னு கேட்டா?" என்றார் மதிவாணன்.

"கேக்கட்டும்."

மதிவாணன் அவர் பக்கம் திரும்பினார். "எங்கப்பா உங்கப்பாவோட பேரைப் பங்கு போட்டுக்க மாட்டேன்னு சொல்லியிருப்பாரு. இருந்தப்போ அவருக்கு அந்தப் புத்தி உண்டு" என்றார். "போடுங்க."

செவ்வந்தி அன்றே அண்ணனுக்குச் சொல்லிவிட்டாள். அவர், "அப்படியா" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். லைப்ரரியிலிருந்து முதல் முறையாக ஒரு பதில் வந்ததில் அவருக்கு நம்பிக்கை வரவில்லை போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவரே போன் செய்தார். பின்னால் யாரோ உரக்கப் பேசுவது கேட்டது.

"உங்க சாரும் அந்தம்மாவும் ஒரே கார்ல வந்து எறங்கியிருக்காங்க. வரப்புல நின்னு சண்டை போட்டுக்கிட்டிருக்காங்க."

செவ்வந்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன சண்டை?"

"உப்பு இறங்கினதுக்கு மழை காரணமா, நான் வாய்க்காலைத் தூர் வாரினது காரணமான்னு."

"நீ என்ன சொன்ன?"

"டீ ஆறுதுன்னு சொன்னேன்."

அண்ணன் கொஞ்சம் நகர்ந்து போனார் போலிருக்கிறது. பேச்சுச் சத்தம் தள்ளிப் போய், வாய்க்கால் ஓடும் சத்தம் கேட்டது.

"வடக்குப் பங்குக்கு ஆயிரத்தொம்பது ஊற வச்சுட்டேன்" என்றார். "ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு கை அள்ளிப் போட்டாங்க."

"யாரு முதல்ல போட்டா?"

"பாக்கலையே" என்றார் இளையபெருமாள்.