இடது பக்கம் ஊமை

ஆடிட்டர் தன் பழைய ஆம்ப்ளிஃபயரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கடைக்குள் வந்தபோது வோல்டேஜ் அக்காவுக்கு முதலில் வந்தது கோபம். அதற்கப்புறம்தான் பயம்.

தெருவில் எல்லோரும் அவளுக்கு வைத்த பெயர் அது. ரிப்பேரில் கைராசிக்காரி, ஆனால் வாயைத் திறந்தால் ஷாக்கடிக்கும்.

கோபம் வந்ததற்குக் காரணம் உண்டு. இந்த மனிதரின் மகனும் இவளுடைய மகளும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். மகன் வீட்டில் சொன்னதும் ஆடிட்டர், "ரிப்பேர் கடைக்காரி வீட்டுல போய் சம்பந்தமா? அவங்க முகத்தைக்கூட நான் பாக்கவேண்டியதில்ல" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அது இவள் காதுக்கும் வந்து சேர்ந்தது. "அவர் மூஞ்சி மட்டும் எனக்கு எதுக்கு?" என்றாள் இவளும். பெரியவர்கள் இரண்டு பேரும் விறைத்துக்கொண்டு நிற்க, நடுவில் மகள்தான் சோறு இறங்காமல் பாதியாகிப்போனாள். பயம் அதனால்தான். இன்றைக்கு வாயோ கையோ தவறினால் மகளின் கல்யாணம் அதோடு போச்சு.

"ரெண்டு கடையில கேட்டேன். ரெண்டு பேரும் உங்ககிட்டதான் போகச் சொன்னாங்க" என்றார் ஆடிட்டர், சுவரைப் பார்த்துக்கொண்டே. "இது வேலை விஷயம் மட்டும். வேற பேச்சு வேண்டாம்."

"நானும் வேலைக்குத்தான் கடை திறந்து வச்சிருக்கேன் சார். என்ன பண்ணுது?"

"இடது பக்கம் ஊமையாயிடுச்சு. நல்லாதான் பாடிட்டிருந்துச்சு, திடீர்னு நின்னுபோச்சு. நான் இங்கேயே இருந்து பாத்துட்டுத்தான் போவேன். பழைய செட்டை நம்பிக் குடுத்தா நல்ல பார்ட்டை உருவிட்டு டூப்ளிகேட்டை மாட்டி அனுப்பிடறாங்க."

வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் செட்டோடு வாசலுக்குப் போயிருப்பார்கள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டூலை நகர்த்திப் போட்டாள்.

மூடியைக் கழற்றினால் உள்ளே ஒவ்வொரு பார்ட்டின் தலையிலும் சிவப்பாக ஒரு புள்ளி. நகப்பூச்சு!

"அடையாளம்" என்றார் ஆடிட்டர், கொஞ்சமும் கூசாமல். "என் சம்சாரத்தோடது. நேத்து உக்காந்து வச்சேன்."

"நல்லவேளை, எனக்கு வைக்கல" என்று வாய்வரைக்கும் வந்ததை அக்கா விழுங்கினாள். அன்றைக்கு அவள் விழுங்கியதை வைத்தே ஒரு சண்டை போட்டிருக்கலாம்.

வேலையில் மட்டும் அவள் குறை வைக்கவில்லை. பிரஷ்ஷால் தூசியைத் தட்டினாள். தலை உப்பிப்போன இரண்டு கண்டென்சர்களை எடுத்துவிட்டுப் புதிது போட்டாள். கரகரத்த வால்யூம் திருகைச் சுத்தம் செய்தாள். ஆடிட்டர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் பார்த்தார்.

"எடுத்த பார்ட்டை கஸ்டமர் கையில குடுத்து, இதுதான் கோளாறுன்னு காட்டுவீங்களாமே?"

"கடை திறந்த நாள்லேர்ந்து அதான் பழக்கம் சார்."

"அதனாலதான் வந்தேன்" என்றார் அவர்.

பிறகு அவள் டெஸ்டர் பெட்டியிலிருந்து செட்டின் முன் சர்க்யூட் பலகைக்கு மட்டும் கொஞ்சம் பேட்டரி கரண்ட்டும் பாட்டும் கொடுத்து, பெட்டியின் ஊசியை ஒவ்வோர் இடமாக வைத்துக் கேட்டாள். சத்தம் வருகிற வரைக்கும் செட் நன்றாக இருக்கிறது, எங்கே நிற்கிறதோ அங்கே கோளாறு. முன் பலகையில் பாட்டுக் கேட்டது. அங்கிருந்து பின் பலகைக்குப் போகும் சாம்பல் வயரின் தொடக்கத்திலும் கேட்டது. அதே வயரின் மறுமுனையில் மூச்சே இல்லை. வயருக்கு மேல் உறைபோலக் கறுப்பு ஸ்லீவ், ஸ்லீவின் மேலும் ஒரு சிவப்புப் புள்ளி.

ஸ்லீவை நகத்தால் லேசாகத் தள்ளியவள் அப்படியே உறைந்துபோனாள்.

வயர் சாய்வாக வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய முனைகள் ஒன்றையொன்று தொடாதபடி நடுவில் மெழுகுத்தாள் துணுக்கு ஒன்று. உலகத்தில் இப்படி ஒரு வேலையை ஒரே ஒருத்திதான் செய்வாள். மகள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது விடுமுறை நாட்களில் இருவருக்கும் ஒரு விளையாட்டு உண்டு. ஒருத்தி ஒரு செட்டில் கோளாறை ஒளித்துவைக்க வேண்டும், மற்றவள் கண்டுபிடிக்க வேண்டும். மெழுகுத்தாள் மகளின் கண்டுபிடிப்பு. அதில் அம்மாவே பலமுறை தோற்றிருக்கிறாள்.

காலையில் மகள், "இன்னிக்கு யார் வந்தாலும் கொஞ்சம் சிரிச்ச முகமா இரும்மா" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அடிப்பாவி! ஆடிட்டரை இந்தக் கடைக்கு வரவழைக்கவே செட்டை ஊமையாக்கியிருக்கிறாள். வீட்டுக்குள் விட்டது அந்தப் பையனாகத்தான் இருக்கும். அக்காவுக்குக் கோபத்தில் காது சுட்டது. வேலை எவ்வளவு நேர்த்தி என்று ஒரு மூலையில் பெருமையும் வந்தது, அதற்காகத் தன்மேலேயே இன்னும் கோபம் வந்தது.

"என்னம்மா, நிறுத்திட்டீங்க?"

"ஒண்ணுமில்ல சார். வயரை மாத்தணும்."

பழைய வயரை ஸ்லீவோடு எடுத்து இடது கைக்குள் வைத்துக்கொண்டாள். புதிய வயரைப் பற்றவைத்தாள். ரிப்பேரான எந்தச் செட்டையும் அவள் நேராகக் கரண்டில் போடமாட்டாள், நடுவில் ஒரு குண்டு பல்பு இருக்கும். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். ஸ்விட்சைப் போட்டாள். பல்பு பளீரென்றது. ஆடிட்டர் ஸ்டூலைவிட்டு எழுந்துவிட்டார். அப்புறம் வெளிச்சம் மெல்ல மெல்ல இறங்கி மங்கியது. பாட்டு இரண்டு பக்கமும் நிறைந்து வந்தது.

ஆடிட்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். திறந்தபோது அது வேறு முகமாக இருந்தது.

"இவ்வளவு சுத்தமா ஒரு வேலையை நான் பாத்ததில்லைங்க. நான் அன்னிக்குப் பேசினது... கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன். ஒருநாள் வீட்டுல கலந்துக்கிட்டு, பிள்ளைங்க விஷயத்தைப் பேசுவோம்." சொல்லிவிட்டு உள்ளங்கையை நீட்டினார். "சரி, கோளாறைக் காட்டுங்க."

அக்காவின் விரல் கைக்குள்ளேயே மெழுகுத்தாளைத் தேடியது. நகத்தால் அதை உருவிப்போட்டுவிட்டு, 'பழைய வயர் சார், தானா அறுந்துபோச்சு' என்றால் தீர்ந்தது. பெண்ணுக்குக் கல்யாணம். கேட்க ஆளில்லை. ஆனால் இந்த மனிதர் இப்போது மதிப்பது கஸ்டமர் கையில் அவள் வைக்கிற பார்ட்டைத்தான். அதிலேயே பொய்யை வைத்து, அந்தப் பொய்யோடு மகளை அவர் வீட்டுக்கு அனுப்புவதா? என்றைக்காவது குட்டு உடைந்தால் அந்த வீட்டில் தலைகுனியப்போவது மகள். தாளோடு சேர்த்து வயரை அப்படியே அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது கோளாறு இல்ல சார். வெட்டினது. வெட்டினவ என் மக. உங்களை இங்க வரவைக்கணும்னு செஞ்சிருக்கா. எனக்கும் இப்பதான் தெரியும்."

ஆடிட்டரின் முகம் சிவந்தது. "கூட்டா? நீங்களும் சேர்ந்து போட்ட திட்டமா?"

"நான் சேர்ந்திருந்தா உங்க கையில வேற பார்ட் இருந்திருக்கும்."

அவர் கையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பாட்டை நிறுத்தச் சொன்னார். போனை எடுத்து மகனை அழைத்து, "நீங்களும் கேளுங்க" என்று ஸ்பீக்கரில் போட்டார். மகன் எடுத்ததும், "நம்ம செட்டுல ஒரு வயரை யாரோ வெட்டியிருக்காங்க. உனக்கு ஏதாவது தெரியுமா?" என்றார்.

"எனக்கெப்படிப்பா தெரியும்? அந்தப் பொண்ணு ஒருநாள் வந்திருந்தா. நான் உள்ள போயிருந்த நேரத்துல அவதான் ஏதாவது பண்ணியிருப்பா. எனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லப்பா. சத்தியமா."

அக்கா அப்போதுதான் நிமிர்ந்தாள். மதியச் சாப்பாட்டுக்கு வந்த மகள் சாப்பாட்டுப் பையோடு வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. கேட்கவேண்டியதை மட்டும் கேட்டுவிட்டாள் என்று முகம் சொன்னது.

ஆடிட்டர் போனை அணைத்தார். திரும்பி அவளைப் பார்த்தார். வந்தது யார் என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"நான்தான் சார் வெட்டினேன்" என்றாள் மகள். "தப்புதான். மன்னிச்சிடுங்க. டார்ச் பிடிச்சது யாருன்னு நான் சொல்லல."

ஆடிட்டர் தளர்ந்துபோய் ஸ்டூலில் உட்கார்ந்தார். "என்கிட்ட இருக்கிற பயம்மா அவனுக்கு. நான் வளர்த்த விதம் அப்படி. அதை மனசுல வச்சுக்காத. நானே முன்னால நின்னு இந்தக் கல்யாணத்தை..."

"பயம் எனக்கும் உண்டு சார். எங்கம்மான்னா இந்தத் தெருவே பயப்படும், வீட்டுல இருக்கிற எனக்கு இருக்காதா?" மகளின் குரல் உடைந்தது. "ஆனா மாட்டிக்கிட்டா யார் பேரையும் சொல்லக்கூடாதுன்னுதான் நான் நினைச்சிருந்தேன். இந்தக் கல்யாணம் வேண்டாம் சார்."

ஆடிட்டர் செட்டைத் தூக்கிக்கொண்டு, வந்ததைவிட மெதுவாக வெளியே போனார்.

வெட்டிய வயரைப் பார்த்ததிலிருந்து அக்கா மகளுக்காகச் சேர்த்துவைத்திருந்த திட்டு தொண்டைவரை வந்து நின்றது. தெருவே பயப்படும் என்று அவள் சொன்னது முள்ளாகக் குத்தியது.

"என்னைப் பாத்தா அவ்வளவு பயமாடி?" என்று கேட்டாள்.

மகள் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே வந்து, அவள் மடியில் முகத்தைப் புதைத்து அழுதாள்.