மறைத்த வயிறு

எங்கள் கடாவு தீவில் ஒருத்தி வயிற்றுப் பிள்ளையை மறைத்தால் அது அவளோடு போகாது, கூட இருப்பவர்களையும் பிடிக்கும். அடுப்பில் கிழங்கு வேகாது, வலையில் மீன் விழாது, படகு நடுக்கடலில் நின்றுபோகும், பாடுகிறவர்களுக்குத் தொண்டை கட்டும். அதனால்தான் நாள் தள்ளிப்போனதும் புருஷன்காரன், சபையில் இடித்துக் கரைத்துக் குடிக்கும் கவா வேரைத் தூக்கிக்கொண்டு பெரியவர்களிடம் போய்ச் சொல்லிவிடுவான். நர்சம்மா இதைக் கேட்டால் சிரிப்பாள். ஆனால் அவள் மகள் முழுகாமல் இருந்தபோது முதல் ஆளாக ஓடிவந்து சொன்னதும் அதே நர்சம்மாதான்.

என் அண்ணன் நெத்தானியின் மனைவி அலுமீட்டா, என் மதினி, இரண்டு தடவை அப்படி ஊரறியச் சொன்னவள். இரண்டு தடவையும் பாய் முடைந்தோம், விருந்து வைத்தோம். இரண்டு தடவையும் பிள்ளை தங்கவில்லை. ஊரில் ஒருவரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாமல் பார்த்தார்களே, அந்தப் பார்வைதான் அவளைத் தின்றது. மூன்றாவது முறை அவள் தன் வாயோடு அண்ணனின் வாயையும் பூட்டிவிட்டாள். நாத்தனார் நான், அடுத்த வீட்டுக்காரி, எனக்கே பின்னால்தான் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து எங்கள் தேவாலயப் பாடகர் குழுவுக்குப் பிரிஸ்பேனிலிருந்து அழைப்பு வந்தது. அங்கிருக்கும் நம் ஆட்கள் புதுத் தேவாலயம் கட்டியிருந்தார்கள், திறப்பு விழாவுக்கு நாங்கள் பாட வேண்டும். எங்களில் பாதிப் பேர் தலைநகரம் சுவாவைத் தாண்டியதில்லை. அண்ணனுக்குப் பாட்டு வராது, அவன் பயணத்தில் இல்லை. மதினிதான் முதல் குரல். அவள் எடுத்துக் கொடுக்காவிட்டால் நாங்கள் வெறும் கோழிக்கூட்டம்.

அவளுக்கோ போகவும் பயம், போகமாட்டேன் என்று சொல்லவும் பயம். காரணம் கேட்பார்களே! விமானம் மேலே ஏறும்போது வயிறு தாங்குமா, நடுவானில் உதிரம் கண்டால் யாரைக் கூப்பிடுவது, அந்த ஊர் ஆஸ்பத்திரியில் எந்தப் பாஷையில் அழுவது என்று அண்ணனைப் போட்டுக் குடைந்திருக்கிறாள். யாருக்கும் தெரியாமல் நர்சம்மாவிடமும் போய்க் கேட்டாள். நர்சம்மா சோதித்துப் பார்த்துவிட்டு, நாலாம் மாதம் பறக்கலாம், ஒன்றும் ஆகாது, பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே போடு, அடிக்கடி எழுந்து நட, தண்ணீர் குடி என்று சொல்லி அனுப்பினாள். மண்டைக்குப் புரிந்தது வயிற்றுக்குப் புரியவில்லை போலிருக்கிறது.

ஒரு மத்தியானம் தேங்காய் கேட்கப் போன நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மதினி பெஞ்சில் விறைத்து உட்கார்ந்து, அண்ணனின் தோல் பெல்ட்டை அடிவயிற்றில் கட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். பிறகு அவிழ்த்துவிட்டு எழுந்து சுவரோரமாக நடந்தாள். திரும்ப வந்து உட்கார்ந்து கட்டிக்கொண்டாள்.

"என்ன மதினி, விமானம் கிளம்பிருச்சா? எனக்கும் ஒரு சீட்டு இருக்கா?"

அவள் துள்ளி எழுந்தாள். "போடி! உனக்கு வேற வேலை இல்ல."

"உன்னை ஏத்தினா ஒரு பக்கமா சாயுமே, அதுக்குப் பழகிப் பார்க்கிறியாக்கும்."

வேறு நாளாக இருந்தால் என் மூக்கைப் பற்றி நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பாள். எங்கள் முறைக்குக் கேலி பேசாவிட்டால்தான் மரியாதைக் குறைவு. அன்று பேசாமல் தேங்காயை எடுத்து நீட்டினாள். சரியான பயந்தாங்கொள்ளி என்று சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன்.

புறப்படும் நாள் ஊரார் விருந்து வைத்தார்கள். குழி வெட்டி மூடிய மண்ணடுப்பைத் தோண்டித் திறந்தால் பன்றிக்கறி பாதி பச்சை, சேப்பங்கிழங்கு கல் மாதிரி. விறகு ஈரம் என்று ஒருவன் சொன்னான். யாரும் அவனைச் சட்டை பண்ணவில்லை. சுவாவுக்குப் போகும் வழியில் படகு வேறு நின்று நின்று போனது. சுவாவில் தங்க இடம் கொடுத்த மண்டபத்தில் ஒத்திகைக்கு நின்றால், குழுவை நடத்தும் ருசியாத்தே பெரியப்பாவின் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. அவர் மனைவி சலனியெத்தா எங்களை வரிசையாக ஒரு பார்வை பார்த்தாள்.

"நமக்குள்ள யாரோ மறைக்கிறா," என்றாள்.

படகில் டோரிகா வாந்தி எடுத்திருந்தாள். நான்கூடத்தான் எடுத்தேன். ஆனால் பெண்களில் கல்யாணமாகாதவள் அவள் ஒருத்திதான், கொஞ்சம் சதையும் போட்டிருந்தாள். அவள் அம்மா வரானிசெசே பிரிஸ்பேனில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போய் வருஷக்கணக்காகிறது. அம்மாவைப் பார்ப்பதற்காகவே, குரலே இல்லாத அந்தப் பெண் விடாமல் பழகிக் குழுவில் இடம் பிடித்தாள்.

"டோரிகா, இங்க வா. எத்தனை மாசம்?"

"எது பெரியம்மா?"

"ஒண்ணும் தெரியாத பாப்பா! வயித்தைக் கேட்கிறேன்."

"ஐயோ, இல்ல பெரியம்மா. பைபிள் மேல கை வெச்சுச் சொல்றேன்."

"பைபிளை ஏன்டி இதுல இழுக்கிறே? உங்கம்மா அங்க உடம்பை உருக்கி உழைக்கிறா. நீ இப்படி அவ முன்னால போய் நிக்கப் போறியா?"

மருந்துக்கடையில் சோதனைக் குச்சி விற்கும், வாங்கி வந்து காட்டுகிறேன் என்று அந்தப் பெண்ணே அழுதுகொண்டு சொன்னாள். "குச்சிக்குப் பொய் சொல்லத் தெரியாதா?" என்றாள் சலனியெத்தா. டோரிகாவைச் சுவாவில் அவள் அத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போவதென்று முடிவாயிற்று. எங்களில் ஒருத்திகூட வாயைத் திறக்கவில்லை. நானும் வெட்கமில்லாமல் அவள் வயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மதினி அவளுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு ரொட்டித் துண்டு இருந்தது. அதை மென்றுகொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை நாண்டி விமான நிலையத்துக்குப் போகும் பஸ் வந்து நின்றது. டோரிகா தன் குழு உடையை மடித்துச் சலனியெத்தாவிடம் கொடுத்தாள். அம்மாவுக்கென்று ஊரிலிருந்து கொண்டுவந்த பாய்ச் சுருள் அவள் கக்கத்தில் இருந்தது. யாரிடம் கொடுக்கலாம் என்று எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டே வந்து மதினியின் முன்னால் நின்றாள்.

"அக்கா, இதை அம்மாகிட்ட குடுத்துருவீங்களா? நான் ஏன் வரலன்னு மட்டும் சொல்லிராதீங்க. காய்ச்சல்னு சொல்லுங்க, போதும்."

மதினி சுருளை வாங்கவில்லை.

"இவ இல்ல," என்றாள். "நான்தான்."

"என்ன நீ?" என்றாள் சலனியெத்தா.

"மறைச்சது நான்தான் பெரியம்மா. நாலு மாசம்."

பஸ்காரன் ஹார்ன் அடித்தான்.

"அடிப் பாவி! சொல்றதுக்கு என்ன?"

"எந்த வாயால சொல்லுவேன்? ரெண்டு தடவை சொன்னேன். நீங்க முடைஞ்சு குடுத்த பாயை ரெண்டு தடவையும் நானே சுருட்டி வெச்சேன். மறுபடியும் வெறுங்கையோட உங்க முன்னால நடக்க என்னால முடியாது. விமானத்துல ஏறவும் பயம். ஏதாவது நடந்து பயணமே நின்னு போகட்டும்னு சாமிகிட்ட வேண்டிக்கிட்டேன்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "நேத்து இந்தப் பொண்ணு கதறினாளே மதினி. அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம்," என்றாள். என்னைப் பார்க்கவில்லை. "இவ போகாட்டா என்ன, என் பிள்ளை தங்கினா போதும்னு நினைச்சுட்டேன்."

நேற்று நான் மட்டும் என்ன கிழித்தேன்?

மறைத்தவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தால் பீடை விலகும் என்பது எங்கள் வழக்கம். மதினி பாட்டிலை எடுத்து ஒவ்வொருவராக ஊற்றிக் கொடுத்தாள். பெரியப்பா குடித்துவிட்டு இரண்டு தரம் செருமினார், குரல் வந்துவிட்டது என்றார். டோரிகாவின் முறை வந்தது.

"எனக்குத் தொண்டை நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

சலனியெத்தா குழு உடையைத் திருப்பிக் கொடுத்தாள். கொடுப்பதற்கு முன்னால், தூசியே இல்லாத அந்தத் துணியை அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த வாய் முந்தின நாள் எவ்வளவு நன்றாக வேலை செய்தது!

மதினியை வீட்டுக்கு அனுப்பலாம் என்று யாரும் நினைக்கவில்லை. மறைத்த வயிறு ஒருத்தியுடையது, சொன்ன வயிறு எல்லாருடையது. விமானத்தில் அவளுக்கு நடைபாதை ஓரத்து இருக்கை கொடுத்தோம். அவள் நடக்க எழுந்தால் துணைக்கு நாலு பேர் எழுந்தார்கள். பணிப்பெண் வந்து எல்லாரும் உட்காருங்கள் என்று கெஞ்சினாள். முதுகுக்கு ஒருத்தி துணியை மடித்து வைத்தாள், ஒருத்தி காலைப் பிடித்துவிட்டாள். எல்லாவற்றையும் மதினி தலை குனிந்தபடி வாங்கிக்கொண்டாள்.

"இன்னும் பயமா இருக்கா?" என்று கேட்டேன்.

"பயம் போயிருச்சு. அதுக்குப் பதிலா வந்திருக்கிறதுதான் தாங்கல," என்றாள். எங்களுக்கு முன்வரிசையில் டோரிகாவின் பின்னந்தலை தெரிந்தது. அது ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

பிரிஸ்பேனில் வெளிவாசலைத் தாண்டுவதற்குள் வரானிசெசே கத்திக்கொண்டு ஓடிவந்தாள். மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள், எட்டி நிறுத்திப் பார்த்தாள், மறுபடி கட்டிக்கொண்டாள். மகள் அவள் காதில் ஏதோ சொன்னாள். அவ்வளவுதான், அம்மாக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக எங்களிடம் வந்து மதினியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அலுமீட்டா, நீ நல்லா இருக்கணும்மா. உடம்பு முடியாம கிடந்த பிள்ளையைச் சுவாவுலயே விட்டுட்டுப் போயிரலாம்னாங்களாமே. நீ ஒருத்திதான் எந்திரிச்சு நின்னு கூட்டிட்டு வந்தியாமே. வயித்துல பிள்ளையை வெச்சுக்கிட்டு, அடுத்தவ பிள்ளைக்காக யாரு நிப்பா?"

குனிந்து எங்கள் ஊர் வழக்கப்படி மதினியின் கன்னத்தை முகர்ந்தாள். வயிற்றின் மேல் கையை வைத்து, "இந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் வராது," என்றாள்.

"இல்லக்கா, அப்படி இல்ல. நான்..." என்று மதினி ஆரம்பித்தாள்.

"அம்மா, அவங்க களைச்சுப் போயிருக்காங்க," என்றாள் டோரிகா. "வா, போகலாம்."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எங்களுக்கு வசதியாக இருந்திருக்கும். எத்தனையோ மேடையில் நிமிர்ந்து நின்று பாடிய என் மதினி, முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள்.